மத்தேயு 5:41-ல் வரும் ‘பலவந்தம்’ எந்தப் பலவந்தம்?

தபீத்தாள், குடியாத்தம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். மற்றவர்கள் தீப்பெட்டி வேலைக்கும் தறிக்கும் போகிறவர்கள். இப்போது மலைப்பிரசங்கம் படித்துக்கொண்டிருக்கிறோம். “ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால், அவனோடு இரண்டு மைல் தூரம் போ” என்ற வசனத்துக்கு வந்தோம்.

பிரசங்கங்களில் வழக்கமாகக் கேட்கிற விளக்கத்தைச் சொன்னேன். ரோமப் போர்ச்சேவகன் வழியில் போகிற யூதனை நிறுத்தி ஒரு மைல் வரைக்கும் மூட்டை சுமக்கச் சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக்கூடாது என்று சட்டம் இருந்தது. இயேசுவோ இன்னொரு மைலும் போகச் சொல்கிறார். ஆகவே நாமும் வேலையில் கேட்டதற்கு மேலேயே செய்ய வேண்டும். இதுதான் அந்த விளக்கம்.

பீடி சுற்றுகிற ஓர் அக்கா உடனே கேட்டார்: “எங்களிடம் பீடி எடுக்கிறவர் சரியில்லை என்று தினமும் ஒரு பிடி தள்ளிவிடுகிறார். தள்ளியதற்குக் கூலி கிடையாது, தள்ளிய பீடியும் திரும்பி வராது. இப்போது அவருக்கு நான் இரண்டு பிடியாகக் கொடுக்க வேண்டுமா?” யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேடியபோது, சிலுவையைச் சுமக்கச் சீமோனைப் ‘பலவந்தம்பண்ணினார்கள்’ என்று மாற்கு 15:21-லும், பரலோகராஜ்யம் ‘பலவந்தம்பண்ணப்படுகிறது’ என்று மத்தேயு 11:12-லும் இதே சொல் இருப்பதைப் பார்த்தேன். கிரேக்கத்திலும் மூன்றும் ஒன்றுதானா? அந்த ஒரு மைல் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது? கிரேக்கம் படித்தவர்கள் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

வாலாஜா வாத்தியார்

சகோதரி, அந்த அக்கா கேட்டதை விடாதீர்கள். அது இந்த வசனத்தின் நடு நரம்பைத் தொடுகிற கேள்வி. நான் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்துவிட்டு, பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மத்தேயு 5:41-லும் மாற்கு 15:21-லும் ஒரே வினைச்சொல்தான்: அங்கரெயுவோ. சீமோனைப் பற்றி மத்தேயு எழுதும்போதும், அதாவது 27:32-ல், அதுவே வருகிறது. புதிய ஏற்பாட்டில் இந்த மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. மத்தேயு 11:12-ல் இருப்பது பியாட்ஸோ என்ற வேறு சொல். யாரும் யார்மேலும் காட்டக்கூடிய முரட்டு பலம் அது. அங்கரெயுவோ அப்படியல்ல. அரசின் பெயரைச் சொல்லி ஓர் ஆளையோ, அவனுடைய கழுதையையோ, படகையோ, வண்டியையோ பிடித்து வேலை வாங்குவது.

இந்தச் சொல் பாரசீகர்களிடமிருந்து கிரேக்கத்துக்கு வந்தது. கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் தோற்ற பாரசீக அரசன் செர்க்சஸ், தன் தலைநகருக்குச் செய்தி அனுப்பியதை எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் பாரசீகத் தபால் ஏற்பாட்டை விவரிக்கிறார். வழி எத்தனை நாள் பயணமோ, அத்தனை குதிரைகளும் ஆட்களும் இடைவெளி விட்டு நிற்பார்கள். பனியோ மழையோ வெயிலோ இரவோ, எதுவும் அவர்கள் ஓட்டத்தைத் தடுக்காது. ஒருவர் அடுத்தவர் கையில் செய்தியைக் கொடுக்க, அவர் அதற்கடுத்தவரிடம் கொடுப்பார். இந்த ஏற்பாட்டுக்குப் பாரசீகர் வைத்த பெயர் அங்கரெயோன் என்கிறார். எஸ்தர் புத்தகத்தில் ராஜாவின் கட்டளையைக் குதிரைமேல் கொண்டுபோகிறவர்களும் இந்தப் பாரசீக அரசின் தூதர்கள்தான்.

பாரசீகப் பேரரசு போய்விட்டது, சொல் போகவில்லை. எகிப்தைக் கிரேக்க அரசர்கள் ஆண்ட காலத்துப் பாப்பிரஸ்களில், அதாவது நாணல்தாள் ஏடுகளில், அரசு வேலைக்குப் படகு பிடிப்பதற்கு இந்தச் சொல் வருகிறது. யூத ரபிமாரும் அதை எபிரேயத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் வாடகைக்கு எடுத்த கழுதை அங்கரியாவுக்கு, அதாவது இந்த அரசுப் பிடித்தத்துக்கு, பிடிபட்டுப் போனால், சொந்தக்காரன் வேறு கழுதை தர வேண்டுமா, வேண்டாமா என்று யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வழக்கே இருக்கிறது. வேண்டியதில்லை, “இதோ உன்னுடையது” என்று காட்டிவிடலாம் என்பது தீர்ப்பு. சட்டப் புத்தகத்தில் தனியாக விதி எழுதவேண்டிய அளவுக்கு அது அன்றாடச் சங்கதி. கழுதை பிடிபட்டால் நஷ்டம் யாருக்கு என்பதை இரண்டு ஏழைகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டு போனவனிடம் யார் போய்க் கேட்பது?

இனி, அந்த ஒரு மைல் சட்டம். இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். மேடைகளில் இதை உறுதியாகச் சொல்கிறவர்கள் யாரும் மூலம் காட்டுவதில்லை. நமக்குக் கிடைத்திருக்கிற ரோமக் கட்டளைகளில் இருப்பது வேறு வகையான வரம்பு. இன்றைய துருக்கியில் சாகலாசோஸ் என்ற ஊர் இருந்தது. ரோமப் பேரரசன் திபேரியு ராயன் ஆட்சியின் தொடக்கத்தில் கலாத்தியா மாகாண ஆளுநர் வெளியிட்ட ஆணை அங்கே கல்லில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் வெட்டப்பட்டு, 1976-ல் பதிப்பிக்கப்பட்டது. ஊரார் பத்து வண்டிகளும் அதற்குத் தக்க கோவேறு கழுதைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். நூற்றுக்கு அதிபதி ஒருவன் வந்தால் ஒரு வண்டி, அல்லது மூன்று கோவேறு கழுதைகள், அல்லது ஆறு கழுதைகள் கேட்கலாம். தூரத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட வேண்டும். சொந்த லாபத்துக்குத் தானியம் ஏற்றுகிறவனுக்கு எதுவும் கிடையாது. யாரும் காசு கொடுக்காமல் வண்டி எடுக்கக்கூடாது என்று ராயர்கள் ஏற்கனவே கவனமாகச் சொல்லிவைத்ததை நான் மறுபடி ஆணை போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று ஆளுநர் அதன் தொடக்கத்திலேயே குறைப்பட்டுக்கொள்கிறார். கி.பி. 19-ல் எகிப்துக்குப் போன ரோம இளவரசன் ஜெர்மானிக்குஸும் அனுமதி இல்லாமல் படகையும் மிருகத்தையும் பிடிக்கக்கூடாது, வீடுகளில் அடித்துப் பிடித்துத் தங்கக்கூடாது என்று ஆணை போட்டார். திரும்பத் திரும்ப ஆணை போடுகிறார்கள் என்றாலே, ரோட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடுகிறது.

‘மைல்’ மட்டும் கவனிக்கவேண்டிய சொல்தான். மற்ற இடங்களில் தூரத்தை ஸ்தாதி என்ற கிரேக்கக் கணக்கில் சொல்கிற புதிய ஏற்பாடு, இந்த ஒரே வசனத்தில் ரோமர்களின் ஆயிரம் தப்படிக் கணக்கைச் சொல்கிறது. நம் கணக்கில் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுகிறவனுடைய அளவுகோலோடு சேர்ந்தே அந்த வாக்கியம் வருகிறது. ஆனால் ‘போர்ச்சேவகன்’ என்ற சொல் அதில் இல்லை, ‘ஒருவன்’ என்றுதான் இருக்கிறது. அப்போது கலிலேயாவை ஆண்டவன் ஏரோது அந்திப்பா. பிடிக்கிறவன் அவனுடைய ஆளாகவும் இருக்கலாம்.

அடிமையாக இருந்து பிறகு தத்துவ ஆசிரியரான எபிக்டேட்டஸும் இதைப் பேசுகிறார். அங்கரியா என்று சொல்லி ஒரு சேவகன் உன் கழுதையைப் பிடித்தால் விட்டுவிடு, எதிர்க்காதே, முணுமுணுக்காதே. எதிர்த்தால் அடியும் விழும், கழுதையும் போகும் என்கிறார். அனுபவப்பட்டவர் சொல்கிற புத்தி அது. இயேசு சொன்னதில் அந்தக் கணக்கு இல்லை. முதல் மைலில் சுமக்கிறவன் வெறும் பிடிபட்ட ஆள். இரண்டாவது மைலை யாரும் கேட்கவில்லை, அவனே தருகிறான். பிடித்தவனையும் ஒரு மனிதனாகப் பார்த்துத் தருகிறான். மூன்று வசனம் தள்ளி “உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்” என்று வருவதோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க ரோமாபுரி வரைக்கும் போகவேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று ஒரு கடமை வரும். கூலி இல்லாமல் ஊருக்கோ அரசுக்கோ செய்துதீரவேண்டிய வேலை. ‘அமஞ்சி’ என்றும் ஒன்று உண்டு, அதுவும் இதே ஜாதி. இன்றைக்குப் பயனில்லாத வேலையை வெட்டி வேலை என்கிறோமே, அந்தச் சொல்லின் அடியில் இந்தச் சுமை கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலும் பழக்கம் வேறு பெயரில் தொடர்ந்தது. 1911 வரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைமையிடம் சித்தூர். அங்கிருந்து அதிகாரிகள் தாலுகா தாலுகாவாகக் கூடாரம் அடித்து முகாம் போடுவார்கள். கூடாரமும் பெட்டியும் கட்டிலும் ஊர் ஊராக மாட்டுவண்டியில்தான் போகும்.

என் பாட்டி சொல்வார். முகாம் வருகிறது என்று தண்டோரா கேட்டதும் அவருடைய அப்பா வண்டியின் கடையாணிகளைக் கழற்றி வைக்கோல்போரில் செருகிவிடுவாராம். சக்கரம் கழன்று சாய்ந்து நிற்கிற வண்டியை யார் பிடிப்பார்கள்? மாடுகளைச் சின்னப் பையன்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு முறை ஆணியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அறுப்பு நேரத்தில் வண்டி போய், திரும்பி வரும்போது ஒரு மாடு நொண்டிக்கொண்டு வந்ததாம். எண்பது வயதிலும் அந்த மாட்டின் பெயரைச் சொல்லுவார். வண்டி வைத்திருந்தவர் பாடே இப்படி என்றால், வண்டியும் நிலமும் இல்லாதவர்கள் தலையிலேயே மூட்டை ஏறியது. கிராமத்தில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை. 1853-ல் ஆற்காடு மிஷன் தொடங்கிய பிறகு நம் ஊர்ப்பக்கச் சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப்பலர் அந்த வீட்டுப் பிள்ளைகள். உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்திலும் அவர்கள் பேத்திகள் இருப்பார்கள். ‘அங்கரெயுவோ’வை அவர்களுக்கு ‘வெட்டிக்குப் பிடிப்பது’ என்று சொல்லிப்பாருங்கள், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

பீடி அக்காவுக்கான பதிலை இரவு எழுதுகிறேன். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகவேண்டும்.

காட்பாடி வேன்காரர்

சார், படித்துக்கொண்டே வந்தேன், இது எங்கள் கதையாக இருக்கிறதே! தேர்தல் வந்தால் எங்கள் வண்டிகளைப் பிடிப்பார்கள். திருப்பதி சவாரி முடித்துவிட்டு ஆள் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டில் கைகாட்டி ஓரங்கட்டச் சொன்னார்கள். கையில் ஒரு ஆர்டர் கொடுத்தார்கள். மறுநாள் கல்யாண வண்டிக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிப்பார்த்தேன், கேட்கவில்லை. மைதானத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே படுத்தோம். எல்லாரும் டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்குவதற்காக அலைந்தோம். பில் பணம் வந்தது, ஆனால் வெகு தாமதமாக. கல்யாண வீட்டாருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததோடு, அவர்கள் இன்றைக்கு வரைக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை.

பூத்துக்குப் பெட்டி கொண்டுபோக வண்டி வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. சட்டப்படிதான் எடுக்கிறார்கள், காசும் தருகிறார்கள். அப்படியென்றால் இது அங்கரியாவா, இல்லையா?

ஆரணி மாணவன்

ஐயா, வால்டர் விங்க் என்ற அமெரிக்க இறையியலாளர் வேறு மாதிரி சொல்கிறாரே? இரண்டாவது மைல் போனால், சட்டத்தை மீறிச் சுமக்கவைத்ததாகச் சேவகனுக்குத் தண்டனை வரும். அவன் பதறிப்போய் “மூட்டையைக் கொடுத்துவிடு அப்பா” என்று கெஞ்சுவான். ஆகவே இது அடிபணிவது இல்லை, அடிக்காமல் எதிர்ப்பது. எங்கள் வாலிபர் கூட்டத்தில் இந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

வாலாஜா வாத்தியார்

தம்பி, எனக்கும் அந்த விளக்கத்தின் நோக்கம் பிடிக்கும். அடிவாங்குகிறவனைச் சும்மா அடிவாங்கச் சொல்கிற வசனமாக இதை ஆக்கக்கூடாது என்று அவர் பாடுபட்டார். ஆனால் அந்த விளக்கம் முழுவதும் நிற்பது அதே ஒரு மைல் எல்லையின் மேல். அந்த எல்லைக்கு ஆதாரம் இல்லாதபோது, சேவகன் பதறினான் என்று நாம் கதை கட்ட முடியாது. எபிக்டேட்டஸ் காட்டுகிற சேவகன் பதறுகிறவனாகவா தெரிகிறான்? அடிக்கிறவன்தானே. ஆனால் கேட்காத மைலைத் தானாகத் தருகிறவன் அந்த நேரத்துக்குப் பிடிபட்ட ஆள் இல்லை என்ற மட்டும் நானும் ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லச் சட்டமும் தண்டனையும் தேவையில்லை.

வேன்காரத் தம்பிக்கு: நல்ல கேள்வி. சாகலாசோஸ் ஆணையிலும் கூலி உண்டு என்று மேலே சொன்னேனே. கூலி இருந்ததால் அது பிடித்தம் இல்லை என்று ஆகிவிடவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ல் பிரிவு 160 வண்டி எடுக்க அதிகாரம் தருகிறது, அடுத்த பிரிவு அதற்குப் பணம் தரச் சொல்கிறது. அரசு என்று ஒன்று இருந்தால் சில நேரம் இப்படிக் கேட்கத்தான் வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மக்கள் ஓட்டுப் போடத்தானே அந்த வண்டி போனது. ரோமனுடைய மூட்டைக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. ஆனால் ரோட்டில் நிறுத்தப்பட்ட அந்த நிமிஷம், கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று வயிறு கலங்கியதே, அதுதான் அங்கரெயுவோ. இந்த வசனத்தை எனக்குத் தெரிந்த பல போதகர்களைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

இப்போது பீடி அக்கா. சகோதரி, அவருக்கு நேராகச் சொல்லுங்கள்: வேண்டாம், இரண்டு பிடி கொடுக்கவேண்டாம். வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். சுமக்கிறவனிடம் சொல்லப்பட்டது. சுமத்துகிறவன் எடுத்து வீசுவதற்காகச் சொல்லப்பட்டது இல்லை. சுமத்துகிறவனுக்கு வேதத்தில் வேறு வசனம் இருக்கிறது. யோவான் ஸ்நானனிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, “இன்னும் ஒரு மைல் நடக்கவையுங்கள்” என்று அவர் சொல்லவில்லை. “நீங்கள் ஒருவருக்கும் இடுக்கண்செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்” என்றார். லூக்கா 3:14. பிடிக்கிற கைக்கு அங்கே விலங்கு போட்டாயிற்று.

அடுத்தது, பீடி தள்ளுவது அங்கரியாவே இல்லை. அவர் அரசாங்கமும் இல்லை, இவர் பிடிபட்ட ஆளும் இல்லை. பேசிய கூலிக்கு வேலை செய்தவர். செய்த வேலையின் கூலியைப் பிடித்துக்கொள்வதற்கு யாக்கோபு 5:4 இருக்கிறது: “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது.” கூலியே கத்துகிறது என்கிறார் யாக்கோபு! அப்படியிருக்கும்போது அந்த அக்காவை மட்டும் வாயை மூடிக்கொண்டு இரண்டாவது மைல் போகச் சொல்ல நமக்கு என்ன உரிமை? கேட்டதற்கு மேல் உழைக்கவேண்டும் என்று முதலாளி சொல்லட்டும், அது அவர் விருப்பம். இயேசுவின் வாயில் அதைப் போடவேண்டாம்.

வேலூர் தொழிற்சங்கம்

நான் சபைக்குப் போகிறவன் இல்லை, ஆனால் கேள்வி எங்களுடையது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1966-ல் பிரிவு 39 என்று ஒன்று இருந்தது. இலை, தூள் கொடுப்பதிலும், சுற்றிய பீடியைத் தள்ளுவதிலும், தள்ளிய பீடிக்கான கூலியிலும் தகராறு வந்தால் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் கொண்டுபோக அது வழி வைத்திருந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் அந்தச் சட்டம் இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தபோது அது நீக்கப்பட்டது; இப்போது எங்கே கொண்டுபோவது என்று விசாரிக்க வேண்டும். அந்த அம்மா ஒரு நோட்டுப் போட்டு, தினமும் எத்தனை கொடுத்தார், எத்தனை தள்ளினார்கள் என்று தேதியோடு எழுதிவரட்டும். ஒருவர் தனியாகப் போனால் மறுநாள் அவருக்கு இலை வராது. நான்கைந்து பேராகச் சேர்ந்து போகவேண்டும்.

தபீத்தாள், குடியாத்தம்

ஐயாவுக்கும் எல்லோருக்கும் நன்றி. லூக்கா 3, யாக்கோபு 5 இரண்டையும் மத்தேயுவோடு சேர்த்து இந்தச் சனிக்கிழமை படிக்கிறோம். யாக்கோபை அந்த அக்காவையே வாசிக்கச் சொல்கிறேன், அவருக்குக் குரல் கணீரென்று இருக்கும். நோட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்திலேயே பீடி சுற்றுகிறவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்து அண்ணா, எந்த அலுவலகத்துக்கு, என்ன தாள்களோடு போகவேண்டும் என்று மட்டும் எழுதிவிடுங்கள்.